இரண்டு மான்செஸ்டர், ஒரு டவுன் பஸ்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பார்க்கிங் பேச்சு எழும்போதெல்லாம் நான் கையைத் தூக்குவேன். தூக்கியதும் நாலு பேர் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்களுக்கு மனப்பாடம். "நான் இங்கிலாந்தில் படித்த ஒரு வருஷமும் பஸ்ஸில்தான் போனேன். பேராசிரியரும் அதே பஸ், அவர் அறையைக் கூட்டுகிறவரும் அதே பஸ். நம் ஊரில்தான் வீட்டுக்கு ரெண்டு கார்." பேசி முடித்து பேஸ்மென்ட்டுக்கு இறங்குவேன். எனக்கு ஒதுக்கிய இரண்டு இடங்களில் ஒன்றில் நிற்கும் காரை எடுத்துக்கொண்டு, முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பேக்கரிக்குத் தேங்காய் பன் வாங்கப் போவேன்.

அந்த ஒரு வருஷம் என்பது 1993 செப்டம்பர் முதல் 1994 செப்டம்பர் வரை. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லிக் கொடுத்திருந்ததால், அசல் மான்செஸ்டர் எங்கள் ஊரின் பெரிய சைஸாக இருக்கும் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். அப்பா ஸ்பின்னிங் மாஸ்டர். எங்கள் தெருவில் பொழுது விடிவது சேவல் கூவியல்ல, மில் சங்கு ஊதி. அசல் ஊரில் சங்கு ஓய்ந்து பல வருஷமாகியிருந்தது. ஆன்கோட்ஸ் பக்கம் போனால் ஆறு மாடி, ஏழு மாடிச் செங்கல் மில்கள் ஜன்னல் உடைந்து புறாக்கூடாக நின்றன. பருத்தி கிளம்பிப் போய்விட்டது. பருத்தியைப் பற்றிய படிப்பு மட்டும் சாக்வில் தெருவில் யூமிஸ்ட் என்ற கல்லூரியின் கட்டடத்துக்குள் மிச்சமிருந்தது. அதைப் படிக்கத்தான் அப்பா தன் பி.எஃப். பணத்தில் கைவைத்திருந்தார். அப்போது ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 47 ரூபாய். எதைத் தொட்டாலும் மனசு 47-ஆல் பெருக்கும். டீயைப் பெருக்கும், ரொட்டியைப் பெருக்கும். பஸ் டிக்கெட்டைப் பெருக்கிவிட்டு முதல் வாரம் நடந்தேன். இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. மான்செஸ்டரில் மழை பிடித்தால் அடுத்த ஆடி வரைக்கும் விடாது.

பிக்காடிலி கார்டன்ஸில் நின்று முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டேதான்! ஒன்றின் பின்னால் ஒன்றாக எட்டுப் பத்து பஸ். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு கம்பெனி. பல வண்டிகள் எங்கோ ஓடி ஓய்ந்து இங்கே வந்து மறுபடி பெயின்ட் அடித்துக்கொண்டவை. எல்லாம் ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டில் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, ரஷோமில் பிரியாணிக் கடைகளைத் தாண்டி, மாணவர்கள் குவிந்து கிடக்கும் ஃபாலோஃபீல்டு வழியாகத் தெற்கே போகிறவை. ஐரோப்பாவிலேயே அதிகமாக பஸ் ஓடும் தடம் இதுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முன்னால் நிற்கும் பஸ் இன்னும் நாலு ஆள் ஏறட்டும் என்று உறுமிக்கொண்டே நகராமல் நிற்கும், பின்னால் வந்தவன் விலகி முந்திப்போய் அடுத்த ஸ்டாப்பில் ஆளை அள்ளிக்கொள்வான், முன்னவன் விரட்டுவான். எங்கள் ஊரில் அப்போது அரசின் சேரன் பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் நடந்த அதே கூத்து. ஏர் ஹாரனும் இளையராஜாவும் மட்டும்தான் இல்லை. 'ஒரு நிமிஷம் லேட்டா எடுத்தீன்னா என் டைம்ல நீ ஓட்டறே' என்று டைம்கீப்பர் மேஜை முன்னால் நடக்கும் சண்டையை அந்த டிரைவர்களின் முகத்திலேயே பார்த்தேன். வெள்ளைக்காரன் மில்லைத்தான் நமக்குக் கொடுத்தான், டவுன் பஸ்ஸை நாம் அவனுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்கே அப்பாவுக்கு ஏரோகிராமில் எழுதினேன். "படிப்பைப் பற்றியும் எழுதவும்" என்று பதில் வந்தது.

இந்தக் கூத்துக்குக் காரணம் ஒரு சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் மான்செஸ்டர் வட்டாரத்தில் அரசு வண்டிகள்தாம், ஆரஞ்சு நிறம். பிரதமர் தாட்சரின் அரசு 1985-இல் சட்டம் கொண்டுவந்து, 1986 அக்டோபர் 26 முதல், லண்டனை மட்டும் விட்டுவிட்டு, பிரிட்டன் முழுக்க பஸ்ஸை அவிழ்த்துவிட்டது. லைசென்ஸ் வைத்திருக்கிற யாரும், 42 நாள் முன்கூட்டிப் பதிவு செய்துவிட்டு, எந்தத் தடத்திலும் பஸ் விடலாம். போட்டி வந்தால் கட்டணம் குறையும், கூட்டம் பெருகும் என்பது கணக்கு. லாபம் கொட்டுகிற தடத்தில் பத்து கம்பெனியும் விழும், மற்றத் தெருக்காரன் செருப்பைத் தேய்ப்பான் என்பதைக் காந்திபுரத்தில் எந்த கண்டக்டரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

செருப்பைத் தேய்த்தவர்களில் நானும் ஒருவன். வாடகை குறைவென்று முதல் மூன்று மாதம் வாலி ரேஞ்சில் ஒரு மாடி அறையில் இருந்தேன். ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டில் நிமிஷத்துக்கு ஒரு பஸ். அதை விட்டு ஒன்றரை மைல் மேற்கே ஒதுங்கினால், சாயங்காலத்துக்கு மேல் ஸ்டாப் கம்பம் மட்டும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தால், அக்கம்பக்கத்துக் கிழவிகள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், அவ்வளவாக இல்லை.

வாரப் பாஸ் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். ஏழு நாளுக்கு ஒரே தொகை. தினம் டிக்கெட் வாங்குவதைவிட லாபம். 47-ஆல் பெருக்கி, நாளுக்கு எத்தனை தடவை ஏறினால் கட்டுப்படி என்று நோட்டில் கணக்குப் போட்டு, ஒரு திங்கட்கிழமை வாங்கினேன். அது ஒரு கம்பெனியின் பாஸ் என்பதும், மற்ற கம்பெனி வண்டியில் அது வெறும் காகிதம் என்பதும் அன்று சாயங்காலம் லைப்ரரி வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. முதல் பஸ் வந்தது, வேறு கம்பெனி. இரண்டாவது, வேறு. மூன்றாவது என் கம்பெனியின் நிறம்போலவே இருந்தது. ஏறிப் பாஸைக் காட்டினால் டிரைவர் தலையாட்டினார், ஆமாம் என்பதற்கல்ல. இறங்கினேன். பதினோரு பஸ் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் கண்ணாடி ஆவி படிந்து, உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் உலர்ந்த மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது என்னுடையது. அது நிரம்பி வழிந்ததால் நிற்காமல் போய்விட்டது. பஸ்ஸே இல்லாத ஊரில் நனைவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நனைந்தவனுக்கு எந்தப் பொருளாதார நிபுணரும் ஆறுதல் சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த பஸ்கள்மேல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. மாடி பஸ்ஸில் மேலே ஏறி, முதல் வரிசையில், டிரைவரின் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்தால் ஊரே நம் காலடியில் நகரும். மரக்கிளை கண்ணாடியில் சடசடவென்று அடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிவேன், ஒரு வருஷம் முழுக்கக் குனிந்தேன். மெட்ராஸ் மாடி பஸ்ஸைச் சித்தப்பா கல்யாணத்துக்குப் போனபோது வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. முதல் வரிசை காலியாக இருக்கிறதா என்று கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்துக்கொள்வேன். எங்கள் ஊராக இருந்தால் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டிருக்கலாம். அங்கே ஜன்னல் எட்டாத உயரத்தில். எட்டினாலும், மொத்த ஊரும் வரிசையில் நிற்கிறது. இரண்டு பேர் நின்றால் அது வரிசை. ஒருத்தர் மட்டும் நின்றால் அவரே ஒழுங்காக ஒரு ஓரமாக நின்று வரிசையைத் தொடங்கிவைப்பார்.

கண்டக்டர் கிடையாது. டிரைவரே டிக்கெட் கொடுப்பார். விசில் இல்லை, 'உள்ள போங்க உள்ள போங்க' இல்லை, டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கிச் சில்லறையை எழுதித் தருவது இல்லை. முதல் மாதம் அந்த நிசப்தத்தில் எனக்கு இறங்க வேண்டிய இடம் தெரியாமல் தவறிக்கொண்டே இருந்தது. ஒரு காலைப்பொழுது, அறுபது வயது இருக்கும் ஒரு பெண் டிரைவர் சில்லறையைத் தட்டில் போட்டுவிட்டு என்னை "லவ்" என்றார். இருபத்து மூன்று வயது வரை எந்தப் பெண்ணும் என்னை அப்படி அழைத்ததில்லை. மாடிக்குப் போய் உட்கார்ந்து யோசித்தேன். பின்னால் ஏறிய எண்பது வயதுக் கிழவரையும், அவருக்குப் பின்னால் ஏறிய தள்ளுவண்டிக் குழந்தையையும் அவர் அதே சொல்லால் அழைத்தது படிக்கட்டு வழியாகக் கேட்டது. நம் ஊர் காய்கறிக்கார அம்மா எல்லாரையும் 'கண்ணு' என்பதுபோலத்தான். வரும் ஏமாற்றம் மட்டும் வேறு.

இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்வார்கள். பள்ளிப் பிள்ளை, குடித்தவன், கடன்காரன்போல முகம் வைத்திருப்பவன், எல்லாரும். பஸ் இருபது நிமிஷம் தாமதமாக வந்திருக்கும், வழியெல்லாம் சபித்துக்கொண்டு வந்திருப்பார்கள், இறங்குகையில் "தேங்க்யூ டிரைவர்". எனக்கு முதலில் வாய் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கு எதற்கு நன்றி? டிசம்பருக்குள் பழகிவிட்டது. மார்ச்சில் பழக்கம் முற்றி, ஏடிஎம் பணம் தந்ததற்கும் சொன்னேன்.

இருபத்தாறு வயதுக்கு மேலும் பஸ்ஸில் போகிறவன் வாழ்க்கையில் தோற்றவன் என்று தாட்சர் சொன்னதாக மாணவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அவர் சொல்லாததை நான் கடைப்பிடித்தேன். 1994-இல் ஊர் திரும்பினேன். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், இருபத்தைந்தில் ஸ்கூட்டர் வாங்கினேன். கல்யாணத்துக்குப் பிறகு கார். அந்தக் கார் பெரிய கார் ஆயிற்று. அப்புறம் மகளுக்கென்று ஒன்று, அவள் ஓட்டாததால் அதுவும் எனக்கே. நடுவில் மில்கள் ஒவ்வொன்றாகச் சங்கை நிறுத்தின. மில் இருந்த இடத்தில் மால் வந்தது. பஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கார் கண்ணாடிக்கு வெளியே. மான்செஸ்டர் மாடி பஸ்ஸின் முதல் வரிசையைப் பற்றி மகளுக்குச் சொன்ன கதையில் வருஷத்துக்கு வருஷம் பனி கூடியது, மழை கூடியது, கடைசியில் பதினோரு பஸ் இருபத்தோரு பஸ் ஆகியிருந்தது.

கதை கேட்டு வளர்ந்தவள் 2025 செப்டம்பரில் அதே ஊருக்கே படிக்கப் போனாள். நெசவு அல்ல, கம்ப்யூட்டர் சம்பந்தமாக ஏதோ. பெயரை இரண்டு தடவை சொன்னாள். கொண்டுபோய் விட நானும் மனைவியும் கிளம்பினோம். யூமிஸ்ட் என்று என் சான்றிதழில் இருக்கும் கல்லூரி 2004-இல் பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெயர் இப்போது இல்லை. ஆன்கோட்ஸ் மில்கள் வீடுகளாகியிருந்தன. புறா உட்கார்ந்த ஜன்னலில் பூந்தொட்டி. கீழ்த்தளத்தில் ஒரு காபிக்கு நாலு பவுண்டு வாங்கினார்கள். பெருக்கக் கூடாது என்று விமானத்திலேயே மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். பெருக்கினேன்.

பிக்காடிலிக்கு அவர்களை இழுத்துக்கொண்டு போனேன், என் காந்திபுரத்தைக் காட்ட. எல்லா பஸ்ஸும் மஞ்சள். ஒரே மஞ்சள், ஒரே பெயர், முகப்பில் ஒரு தேனீ. தேனீ அந்த ஊரின் உழைப்புக்குச் சின்னம். 1842-ஆம் வருஷத்து நகர இலச்சினையிலேயே இருக்கிறது. மேயர் ஆண்டி பர்னம் பஸ்ஸையெல்லாம் மறுபடி அரசுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாராம். கம்பெனிகள் வழக்குப் போட்டு 2022-இல் தோற்றன. 2023 செப்டம்பரில் போல்டன், விகன் பக்கம் தொடங்கி, 2025 ஜனவரி 5-இல் என் தெற்குத் தடமும் உள்ளே வந்து முடிந்திருக்கிறது. இப்போது வண்டியை ஓட்டுவது கம்பெனிகள்தாம்; தடம், நேரம், கட்டணம் மூன்றும் ஊரின் முடிவு. அவிழ்த்துவிட்ட கன்றுகளை மறுபடி கட்டுத்தறிக்குக் கொண்டுவர ஏறக்குறைய நாற்பது வருஷம்.

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் மழைக்கும் என் வாரப் பாஸுக்கும் கிடைத்த தீர்ப்பல்லவா அது? ஆனால் எனக்குள் ஏதோ ஏமாந்துபோனது. எந்த பஸ் என்று தேட வேண்டாம், எவனுடைய பாஸ் என்று நடுங்க வேண்டாம், எவனும் எவனையும் விரட்டவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டின் ஒரு பகுதியில் பகலில் கார் போகவே கூடாதாம். பஸ், டாக்ஸி, சைக்கிள்தான். ஸ்டாப்புக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிளுக்குத் தனிப் பாதை வேறு. பஸ்ஸைவிட்டு இறங்கி, பழைய ஞாபகத்தில் நேரே நடந்தவனை ஒரு சைக்கிள்கார மாணவி மயிரிழையில் தவிர்த்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனாள்.

நான் பாக்கெட்டில் சில்லறை சேர்த்து வைத்திருந்தேன். டிரைவரிடம் எண்ணிக்கொடுக்க ஆரம்பித்ததும் மகள் பின்னாலிருந்து, "ப்பா, கார்டைத் தட்டு, உள்ள போ" என்றாள். தட்டினேன். ரெண்டு பவுண்டு. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அதே ரெண்டு பவுண்டுதான் என்றாள். எத்தனை பஸ்ஸா? மாடிக்குப் போய், முதல் வரிசையில் இருவரையும் உட்காரவைத்து, 42 நாள் சட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். பல்கலைக்கழகம் தாண்டியபோது லைப்ரரி மழையைச் சொன்னேன். ரஷோமில் தாட்சரைச் சொன்னேன். மரக்கிளை கண்ணாடியில் அடித்தது, குனிந்தேன். மகள் காதில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு குரல் அடுத்த ஸ்டாப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்ததால் என் வழிகாட்டலுக்கும் வேலையில்லை.

மனைவிதான் ஃபாலோஃபீல்டு வரைக்கும் முழுசாகக் கேட்டாள். இறங்குமுன், "ஏனுங்க, இந்த பஸ்ஸ இத்தன ஆசையா சொல்றீங்களே, நம்மூர்ல கடைசியா எப்ப பஸ் ஏறுனீங்க?" என்றாள்.

யோசித்தேன். ஸ்கூட்டருக்கு முந்தின வருஷம்.

"நான் வாரம் ரெண்டு தடவ போறேன்ங்க."

"எங்கே?"

"காந்திபுரத்துக்கு, கோயிலுக்கு, அக்கா வீட்டுக்கு. 2021-ல கவர்மெண்ட் பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பண்ணதிலிருந்து. நீங்க கார் எடுத்துட்டுப் போயிடறீங்க, இன்னொன்ன நான் ஓட்ட மாட்டேன். அப்பறம்?"

நாலு வருஷம். எங்கள் சங்கக் கூட்டத்தில் பொதுப் போக்குவரத்தைப் பற்றி நான் முழங்கிக்கொண்டிருந்த நாலு வருஷமும், என் வீட்டிலேயே ஒருத்தர் பேசாமல் அதில் போய்வந்துகொண்டிருந்திருக்கிறார். "சொல்லவே இல்லையே" என்றேன். "கேக்கவே இல்லீங்களே" என்றாள். பிறகு டிரைவரைத் தாண்டி இறங்கும்போது, யாரும் சொல்லித்தராமல், "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஊர் திரும்பினோம். நாங்கள் இல்லாத சமயம் பார்த்து அவினாசி ரோட்டின் நெடுக பத்து கிலோமீட்டருக்குக் கட்டிய மேம்பாலத்தை அக்டோபரில் திறந்துவிட்டார்கள், ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டித் தொழில் தொடங்கியவர் அவர். பஸ்காரர் பெயரில் பாலம். மேலே கார்கள் பறக்கின்றன. டவுன் பஸ் கீழேயே போகிறது. ஸ்டாப் கீழேதானே இருக்கிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி காந்திபுரத்துக்குக் கிளம்பியபோது நானும் வருவதாகச் சொன்னேன். "கார் ரிப்பேருங்களா?" என்றாள். லட்சுமி மில்ஸ் ஸ்டாப்பில் நின்றோம். மில்லும் இப்போது கடைகள்தாம். தனியார் பஸ் ஒன்று பாட்டோடு வந்தது; ஏறப்போனவனைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அதுல எனக்கு டிக்கெட்டுங்க. நம்ம பஸ் பின்னாடி வருது." நம்ம பஸ், எவனுடைய பஸ் என்று பார்த்து நிற்கும் வித்தை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் லைப்ரரி வாசலில் நான் படித்த அதே பாடத்தில் அவள் டிகிரி வாங்கியிருந்தாள்.

அரசு பஸ் வந்தது. கூட்டம். அவள் நாலே நொடியில் இடது பக்கம் ஒரு சீட்டைப் பிடித்து, அங்கே ஏற்கெனவே இருந்த இரண்டு பெண்களோடு பேச்சையும் தொடங்கிவிட்டாள். பழக்கமானவர்கள் போலிருக்கிறது. கண்டக்டர் அவளுக்குப் பைசா வாங்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். டிக்கெட் எவ்வளவென்று எனக்குத் தெரியாது. ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். மனிதர் அதை வாங்கவுமில்லை, திட்டவுமில்லை. கொஞ்ச நேரம் தாளையும் என் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளியூருங்களா?" என்றார். மனைவி அங்கிருந்தே சுருக்குப்பையைத் திறந்து சில்லறையைக் கைமாற்றி அனுப்பினாள். அது மூன்று பேர் கை கடந்து, டிக்கெட்டாகி, மூன்று பேர் கை கடந்து என்னிடம் வந்தது. கார்டைத் தட்டுவதைவிட வேகம் குறைவுதான். கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, உக்காருங்க" என்றான். ஐயா உட்காரவில்லை. அடுத்த பிரேக்கில் உட்கார்ந்தேன்.

காந்திபுரத்தில் முன்பக்கமாக இறங்கினோம். மனைவி இறங்கி நடந்துவிட்டாள். நான் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பி, டிரைவரைப் பார்த்து, வாய் நிறைய, "தேங்க்ஸுங்க" என்றேன்.

டிரைவர் கியரிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் கவலை.

"ஏனுங்க, ஸ்டாப்பிங் தாண்டிட்டமா?"